நான் விளக்கிய சேமக்கலம்

தொண்ணூறுகளின் நடுவில், நாங்கள் குடியேறிய பிரெஞ்சு பேசும் நகரத்தில், பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் எங்கள் எதிர்வீட்டில் ஒருத்தி இருந்தாள். வியட்நாமின் மலைநாட்டுச் சிறுபான்மை இனத்தவள். வெறுமனே வியட்நாம்காரி என்றால் முகம் சுளிப்பாள். இருவரும் ஒரே தையல் தொழிற்சாலையில் வேலை செய்தோம். எங்கள் கதையெல்லாம் அரைகுறைப் பிரெஞ்சில்தான்.

அவளுடைய புருஷன் இறந்து மூன்று வருஷமாகியிருந்தது. ஞாயிறுதோறும் சோறும் ஒரு சிகரெட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிக் கல்லறைக்குப் போவாள். கல்லறையை விட்டுப் பிரியும் சடங்கு நடக்கும்வரை செத்தவனுக்குச் சோறு போட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதுவரை அவள் அவனுடைய மனைவிதான். சேமக்கலங்களை, அந்த வட்டமான வெண்கலத் தட்டுகளை, அடித்து அவனை அனுப்பிவிட்டால், பிறகு யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அமெரிக்காவில் இருந்த தங்கை தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவனை அனுப்பாமல் இவளால் நகர முடியாது.

அந்த வைகாசியில் நாள் குறித்தார்கள். அமெரிக்காவிலிருந்து ஆறு உறவினர் ஐந்து சேமக்கலங்களோடு வருவதாக இருந்தது. ஆறாவது, எல்லாவற்றிலும் பெரியது, தாய் என்று அவர்கள் சொல்வது, இவளிடம் இருந்தது. சடங்குக்கு முதல் வாரம் அவள் வீட்டுக்குக் கரப்பான் மருந்து அடிக்க ஆள் வந்தது. அதனால் அதைப் போர்வையில் சுற்றி என்னிடம் தந்து, "தட்டாதே" என்றாள்.

நான் தட்டவில்லை. ஆனால் கறுத்துப்போன வெண்கலத்தைக் கண்டால் என் கை சும்மா இராது. வெள்ளிக்கிழமை வேறு. குத்துவிளக்கை விளக்கிய கையோடு, பழப்புளி போட்டு அதையும் தேய்த்தேன். திட்டுத்திட்டாய் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினேன். பளபளவென்று வந்ததும் ஒரு சந்தனப் பொட்டும் வைத்தேன். அவள் எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று எனக்குள் பெருமை வேறு.

மாலையில் அதை எடுக்க வந்து போர்வையை விலக்கிப் பார்த்தவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். மெல்ல மெல்லத்தான் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு சடங்கிலும் பலியின் இரத்தமும் அரிசி மதுவும் பூசி அதற்குச் சாப்பாடு கொடுப்பார்களாம். நான் சுரண்டியது அதைத்தான். கடைசியாகப் பூசியது அவள் புருஷனின் கை. அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சனிக்கிழமை வந்த உறவினரில் மூத்தவர் அதைத் தடவிப் பார்த்தார், மணந்து பார்த்தார். பசியோடிருக்கும் சேமக்கலம் ஆளை அனுப்பாது, ஒரு வருஷம் இரத்தமும் மதுவும் பூசி ஊட்டிய பிறகுதான் சடங்கு என்றார். ஊட்டும்படி அதை அவளிடமே விட்டுவிட்டு அவர்கள் திரும்பிப் போனார்கள். பயணத்துக்குக் கட்டியிருந்த பெட்டியை அவள் அவிழ்த்தாள்.

"தெரியாமச் செய்ததுதானே, விடும்" என்றார் என் கணவர்.

விட முடியவில்லை. அடுத்த ஞாயிறு நான் சோறு சமைத்துக் கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். அவள் கொஞ்சம் தள்ளி நின்று இடம் விட்டாள். அந்த வருஷம் முழுக்கக் கல்லறைக்குப் போனது என் சோறு. அவனுக்கு உறைப்புப் பிடிக்கும், பொரித்த மீன் பிடிக்கும் என்று அவள் சொல்லச் சொல்லச் சமைத்தேன். பனிக்காலத்தில் இரண்டு பேருமாகக் கையால் பனியை விலக்கிக் கல்லைத் தேடினோம். அவன் படத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

மறு வைகாசியில் ஆறும் சேர்ந்து ஒலித்தன. ஆளுக்கு ஒரே ஒரு ஒலி. ஒருவர் விட்ட இடைவெளியில் மற்றவர் அடித்தார். நான் வேலியோரம் ஒதுங்கி நின்றேன். அவள் தன் மொழியில் கல்லறையோடு நெடுநேரம் கதைத்தாள். பிறகு வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிப்போனாள். எனக்கும் விளங்கட்டும் என்று பிரெஞ்சில் அவனிடம் சொன்னாள்: "இவளும் உனக்குச் சோறு போட்டாள். இவளையும் விட்டுவிட்டுப் போ."

பெரிய சேமக்கலம் அதிர்ந்தது. முகம் தெரியாத அந்த மனுசனுக்காக நான் வாய்விட்டு அழுதேன். திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும் என்றாள். எனக்குத்தான் அது கஷ்டமாக இருந்தது.