டிஷ்யூ உட்கார்ந்திருக்கிறார்

மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் மேசைதான் வேண்டும். தேக்கா உணவு நிலையத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைத் தோளால் விலக்கிக்கொண்டு அங்கே போய்ச் சேர்கிறார் நடேசன். சட்டைப் பையிலிருந்து ஒரு டிஷ்யூ பாக்கெட்டை எடுத்து ஒரு நாற்காலியில் வைக்கிறார். இன்னொன்றை எடுத்து எதிர் நாற்காலியில் வைக்கிறார். கோணலாக இருந்ததை விரலால் தட்டி நேராக்குகிறார். "இருங்க, வந்துடறேன்" என்று இரண்டு பாக்கெட்டுகளிடமும் பொதுவாகச் சொல்லிவிட்டு, தேநீர் வாங்கப் போகிறார்.

இப்படி இடம் பிடிப்பதை இந்த ஊரில் சோப் பண்ணுவது என்பார்கள். குளிக்கிற சோப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஊரே செய்கிற காரியம்தான் என்றாலும், நடேசன் அளவுக்கு முழு மனதோடு செய்பவரைப் பார்க்க முடியாது. மற்றவர்களுக்கு அந்தப் பாக்கெட் ஓர் அடையாளம். அவருக்கு அது ஆளேதான். முடி வெட்டும் கடையிலும் கிளினிக்கிலும் பாக்கெட்டை உட்கார வைத்துவிட்டு, வெளியே போய் நிம்மதியாக உலாத்திவிட்டு வருவார். ஒருமுறை சைனாடவுன் கோயில் அன்னதானப் பந்தியில் பாக்கெட்டை வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். திரும்பி வந்தபோது பாக்கெட்டுக்கு இலை போட்டுச் சோறும் பரிமாறியிருந்தார்கள். பரிமாறியவர் சாம்பார் வாளியோடு நின்று, போதுமா என்று அதனிடம் கேட்காத குறைதான்.

செங்காங் வீட்டிலும் இதே கதை. தொலைக்காட்சி பார்க்கும்போது கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் சோபாவில் பாக்கெட்டை வைத்துவிட்டுத்தான் போவார். வீட்டில் இருப்பது அவரும் மனைவி சந்திரமதியும் மட்டும். "நானும் ஆரம்பத்துல சிரிச்சேன். இப்ப அதுமேல உட்கார எனக்கே மனசு வரல. அவரு மடியில உட்கார்ற மாதிரி இருக்கு லா" என்கிறார் அந்த அம்மாள்.

நடேசனுக்குச் சிராங்கூன் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. இருட்டறையில் உட்கார வைத்துக் கண்ணுக்குப் பவர் பார்ப்பவர் அவர்தான். "இது தெளிவா? இல்ல, இது தெளிவா?" என்று வில்லைகளை மாற்றி மாற்றிக் கேட்பார். சில நாள் குறும்பு தலைக்கேறினால், மாற்றுவதுபோல் டக்கென்று ஒரு சத்தம் மட்டும் கொடுத்துவிட்டு அதே வில்லையைக் காட்டுவார். "ஆ, இதுதான் பளிச்சுனு இருக்கு" என்று வாடிக்கையாளர் அடித்துச் சொல்வார். பிறகு சரியான வில்லையைத்தான் கொடுப்பார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஞாயிறு தோறும் அந்தக் கதையை மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சொல்லி, வயிறு வலிக்கச் சிரிப்பார். "மனுசன் கண்ணால எங்க பார்க்கிறான்? சத்தம் கேட்டா போதும், தெளிவாயிடுது."

அந்தக் கதைகளைக் கேட்டுக் கூடச் சிரித்தவர் அஹமது கபீர். டாக்சி ஓட்டுகிறவர், தஞ்சோங் பகாரில் வீடு. நடேசனின் எதிர் நாற்காலி அவருடையது. இருவரும் ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் வேறு எங்கேயும் இருந்ததாக யாருக்கும் நினைவில்லை.

இருவருக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒத்துப்போகாது. நடேசனுக்கு மூலைக் கடைத் தேநீர் அமிர்தம். படிக்கட்டுக்குப் பக்கத்துக் கடைத் தேநீர் பாத்திரம் கழுவிய தண்ணீர். "ரெண்டும் ஒண்ணுதான் லா. உன் நாக்கா குடிக்குது? உன் மண்டை குடிக்குது" என்பார் கபீர். பேச்சு வளர்ந்து ஒரு ஞாயிறு பந்தயமே வைத்துவிட்டார்கள். நடேசன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கபீர் ஒரு கப்பைக் கையில் கொடுத்தார். நடேசன் உறிஞ்சினார், முகம் மலர்ந்தது. "இதுதான்யா தேத்தண்ணி. மூலைக் கடை." அடுத்த கப். ஒரு வாய் வைத்ததும் முகம் சுளித்து அதைக் கீழே வைத்தார். "சீ, இது படிக்கட்டு."

கண்ணைத் திறந்தால், அக்கம்பக்கத்து மேசைகளில் ஒருவர் விடாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கப்பும் படிக்கட்டுக் கடையில் வாங்கியவை. "டக்குனு ஒரு சத்தம்தான் குடுக்கல" என்றார் கபீர்.

சொந்தச் சரக்கே தன் தலையில் வந்து விழுந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஏமாற்று வேலை என்று கத்திவிட்டு நடேசன் எழுந்து போய்விட்டார். அடுத்த ஞாயிறு கபீர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. "ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்" என்று சந்திரமதி சொல்லிப் பார்த்தார். "நான் போட்டா அந்த மொதக் கப்பு தோத்த மாதிரி ஆயிடும்" என்றார் நடேசன். முதல் கப் எப்போதோ தோற்றுவிட்டது என்பதை யார் அவருக்குச் சொல்வது.

ஆனால் மனுஷனுக்குத் தவிப்பு இருந்தது. கபீர் இல்லாத மேசையில் தேநீர் வெந்நீராக இறங்கியது. அதனால்தான் இரண்டாவது பாக்கெட். அது எதிர் நாற்காலியில் இருக்கும்வரை கபீர் எங்கும் போய்விடவில்லை, தேநீர் வாங்கத்தான் போயிருக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டே குடித்தால் தேநீரில் கொஞ்சம் ருசிகூடத் தட்டியது. கடையில் நடந்த வேடிக்கைகளை அதனிடம் முணுமுணுப்பார். நல்ல இடத்தில் நிறுத்தி, அது சிரிக்க நேரம் கொடுப்பார்.

இந்த ஞாயிறும் பாக்கெட்டுகளை வைத்துவிட்டு, மூலைக் கடை வரிசையில் நின்று தேநீரோடு திரும்பினார். எதிர் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நல்ல ஜலதோஷம் போல. கபீரைப் பிரித்து, அதிலிருந்து ஒரு தாளை உருவி மூக்கைச் சிந்தினாள். நடேசன் தேநீர்க் கப்பைத் தட்டென்று மேசையில் வைத்தார்.

"ஏம்மா, அங்க ஆள் இருக்கு."

அவள் பெயர் நிவேதிதா. திருச்சியிலிருந்து ஒரு கம்பெனி வேலைக்கு வந்து இன்னும் ஊர் பிடிபடாதவள். பின்னால் திரும்பிப் பார்த்தாள், மேசைக்கு அடியிலும் பார்த்தாள். "எங்க அங்கிள்?"

"டிஷ்யூ இருந்துச்சுல்ல?"

"ஆமா. யாரோ மறந்து வச்சிட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். சாரி அங்கிள். அவங்க எங்க போயிருக்காங்க?"

"தேத்தண்ணி வாங்க."

"எப்பப் போனாங்க?"

நடேசன் சற்று யோசித்தார். "கொஞ்ச வாரமாச்சு."

நிவேதிதா தோசையை மெல்வதை நிறுத்தினாள். இவரிடம் இனி எதையும் கேட்பது நல்லதா என்று அவள் யோசித்தது முகத்திலேயே தெரிந்தது. பிறகு பின்பக்கம் கையைக் காட்டி, "அப்ப அந்த அங்கிள் சொன்னது இதைத்தானா?" என்றாள். "நான் உட்காரும்போதே சொன்னார், அங்க உட்காராதம்மா, வேற ஆள் இருக்குன்னு. வாராவாரம் வந்து பார்க்கிறாராம், வாராவாரம் ஆள் இருக்காம். எனக்கு ஒண்ணும் புரியல. டிஷ்யூதானே இருக்குன்னு உட்கார்ந்துட்டேன்."

அவள் காட்டிய பக்கம் ஒரு தூண் இருந்தது. தூணுக்கு இந்தப் புறம் ஒரு முழங்கையும், அந்தப் புறம் இன்னொரு முழங்கையும் தெரிந்தன. கபீர் ஒளிந்துகொள்கிற அளவுக்கு ஒல்லியானவர் இல்லை.

நடேசன் போய் எதிரே நின்றார். கபீரிடம் கைக்கு ஒன்றாக இரண்டு கப் தேநீர் இருந்தது.

"உன் புது ஆளை அந்தப் பொண்ணு எழுப்பி விட்டுருச்சு போல" என்றார் கபீர், அவரைப் பார்க்காமல்.

"எந்தப் புது ஆளு?"

"என் எடத்துல வச்சிருந்தியே லா. நானும் நாலு பக்கமும் நின்னு பார்த்துட்டேன். யாருன்னுதான் தெரியல."

"பாய்," என்றார் நடேசன், "அது நீதான்."

கபீர் கப்புகளைப் பார்த்தார், தூணைப் பார்த்தார். "நான் இங்க நின்னுக்கிட்டு இருந்தேன்யா."

"எனக்கு நீ அங்கதான் இருந்தே."

தன் இடம் போய்விட்டதென்று கபீர் வாரா வாரம் டாக்சியை நிறுத்திவிட்டு வந்து தூணோடு நின்ற நேரமெல்லாம் நடேசனுக்கு ஒரே மூச்சில் கண்முன் வந்தது. கபீரின் முழங்கையைப் பிடித்து மேசைக்கு இழுத்து வந்தார்.

நிவேதிதா தட்டோடு எழுந்து இடம் விட்டாள். பாதி காலியான பாக்கெட்டை நடேசனிடம் நீட்டினாள். "நீயே வச்சுக்கம்மா, சளி பிடிச்சிருக்கு" என்றார் அவர். தன் நாற்காலியில் இருந்த பாக்கெட்டையும் எடுத்து அவள் தட்டில் வைத்தார். இரண்டு நாற்காலியும் வெறும் நாற்காலிகளாக நின்றன. கபீர் ஒரு கணம் தயங்கி, அதில் ஒன்றில் முழு எடையையும் போட்டு உட்கார்ந்தார்.

நடேசன் எதிரே அமர்ந்தார். மூலைக் கடையில் வரிசையில் நின்று வாங்கிய தன் கப்பை ஓரமாகத் தள்ளி வைத்தார். கண்களை இறுக மூடிக்கொண்டு, கபீரை நோக்கிக் கையை நீட்டினார்.