செங்கல்லுக்கு ஒரு கம்பளிச் சட்டை

ஆடிக் காற்றில் கதவு அறைந்தால் அந்த வீட்டில் இரண்டு பேர் விழித்துக்கொள்வோம். ராத்திரி வேலை முடித்துவிட்டுப் பகலில் தூங்கும் நர்ஸ் அக்கா ஒருவர். பின்பக்கத்துச் சார்ப்பில் படுத்திருந்த நான் இன்னொருவன். அவருக்குத் தூக்கம் கெடும். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிடும்.

அறுபதுகளின் தொடக்கம். விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டிகளுக்கு அடுத்த தெருவில் வீடு. காற்று வந்தால் நெடியும் சேர்ந்து வரும். புதுத் தோல் மூடியிருந்த என் வலது கை அதில் எரிந்துகொண்டே இருக்கும்.

அந்தச் சித்திரையில் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுப் பட்டறையில் அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றிக்கொண்டிருந்தேன். வேலை நடக்கும்போது கதவு திறந்தே இருக்க வேண்டும், ஓடுவதற்கு. முட்டுக் கொடுத்திருந்த கல்லை அன்று யாரோ அடுப்புக் கூட்ட எடுத்துப் போய்விட்டார்கள். சூறைக்காற்று கதவை அடித்துச் சாத்திய கொஞ்ச நேரத்தில் தட்டிலிருந்த வெடிமருந்து பற்றியது. உள்ளே நான் மட்டும்தான். எரிகிற கையாலேயே கதவைத் தள்ளி வெளியே வந்தேன். உயிர் தப்பியது. விரல்கள் பாதி மடங்கினபடியே விறைத்துப்போயின. விரிக்கவும் முடியாது, எதையும் பிடிக்கவும் முடியாது.

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டு மல்லாங்கிணற்றிலிருந்து கிளம்பியவன் நான். லாரியில் கிளீனர், மதுரையில் ஹோட்டலில் மாவாட்டுகிற வேலை, பிறகு உப்பளம், அதற்குப் பிறகு பட்டாசு. எங்கேயும் நிலைத்ததில்லை. எங்கே போனாலும் கையை நம்பித்தான் போவேன். அது இல்லையென்றால் போவதற்கு ஊரே கிடையாது.

ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தபோது எனக்குப் போக்கிடம் இல்லை என்று தெரிந்துகொண்டவர் அந்த அக்காதான். அவருடைய வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். "பகல்ல வீட்டப் பாத்துக்கிட ஆளு வேணும், வா தம்பி" என்று இரண்டு பேருமாகக் கூட்டி வந்தார்கள்.

கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தேன். சிவப்புச் சிமெண்டுத் தரையில் அது கீறிக் கோடு போட்டது. வாத்தியார் முணுமுணுத்தார். அக்கா பெட்டியைத் திறந்து ஒரு பழைய ஸ்வெட்டரை எடுத்து என் மடியில் போட்டார். மலை மேல் இருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் படித்த காலத்தில் அவரே பின்னியது. விருதுநகர் வெயிலில் அதற்கு ஒரு நாளும் வேலை வந்ததில்லை.

"இதப் பிரிச்சு அந்தச் செங்கலுக்கு ஒரு சட்டை பின்னு."

"நானாக்கா? ஆம்பள கம்பளி பின்னினா ஊரு சிரிக்கும்."

"ஊருக்கு யாரு சொல்லப் போறா? செங்கலா?"

நடுவில் ஜடை விழுகிற தினுசைத்தான் பின்ன வேண்டும் என்றார். "வெறும் பின்னலு வேண்டாமா?" என்று கேட்டேன். "அத உன் இடது கையே முடிச்சிரும். ஜடைக்கு ரெண்டு கையும் வேணும். சும்மா கிடந்தா அந்த விரலு கடைசி வரைக்கும் அப்படியே நின்னுபோகும் தம்பி."

சைக்கிள் கம்பியைத் தேய்த்துச் செய்த இரண்டு ஊசிகள். கூட ஒரு ஈர்க்கு. நடுவில் உள்ள நூல் கண்ணிகளில் பாதியை ஈர்க்கில் ஏற்றி முன்னால் தொங்கவிட்டு, மீதியை முதலில் பின்னி, அப்புறம் தொங்குவதைப் பின்ன வேண்டும். அப்போதுதான் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஜடை விழும். அந்த ஈர்க்கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிடிக்க வேண்டும். என் விரல்கள் சேரவே இல்லை. ஈர்க்கு விழும், கண்ணி நழுவும், பிரிப்பேன். கம்பளி வேர்வையில் உள்ளங்கையோடு ஒட்டிக்கொள்ளும். புதுத் தோல் வெடித்து நூலில் ரத்தம் பட்டது. அக்கா துடைத்து மருந்து போட்டுவிட்டு ஊசியைத் திரும்பவும் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கப் போவார். ஊசியோடு செங்கல்லையும் தெருவில் எறிந்துவிடலாம் என்று தோன்றும். எறியவும் கை வேண்டுமே என்று உட்கார்ந்திருப்பேன்.

ஆடி முடியும் சமயத்தில் சட்டை முடிந்தது. ஜடையும் ஜடை மாதிரியே இருந்தது. ஆனால் செங்கல் உள்ளே போகவில்லை. அக்கா இழுத்துப் பார்த்தார், நனைத்து இழுத்தார். கம்பளி இளகவே இல்லை. கீழே வைத்தால் அட்டை மாதிரி தானாக நின்றது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு கண்ணிக்கும் நூலை வெடுக்கென்று இழுத்திருக்கிறேன். அணுகுண்டுக்குச் சணலை அப்படித்தான் சுற்றுவோம். தளர்ந்தால் வெடிக்காமல் புஸ்ஸென்று போய்விடும்.

"செங்கலுக்குச் சட்டை கேட்டா வெடிக்குல்ல தச்சிருக்க! திரி ஒண்ணுதான் பாக்கி" என்று அக்கா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "இம்புட்டு இறுக்கமா எந்தக் கையால இழுத்த?"

வலது கையைக் காட்டினேன். அவர் தன் விரலை நீட்டினார். "பிடி பாப்போம்."

பிடித்தேன்.

"வலிக்கி, விடுலே."

சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். எனக்கு அலுப்பாக இருந்தது. தீபாவளி ஆர்டர் குவிந்து கிடப்பதாகவும், கை ஆகியிருந்தால் வரச் சொல்லியும் பட்டறையிலிருந்து முன்பே ஆள் வந்து சொல்லிப் போயிருந்தான். அக்காவுக்கும் அது தெரியும்.

"போறியா?"

"இந்தக் கைய வேற எவங்க்கா வேலைக்கு வச்சிக்கிடுவான்? அவுக ஒருத்தருதான் கூப்பிடுதாக."

சட்டையைப் பிரித்துத் திரும்பப் பின்ன எனக்குத் தெம்பு இல்லை. செங்கல்லைத் துவைக்கிற கல்லில் போட்டு நாலு பக்கமும் தேய்த்தேன். கை வலிக்க வலிக்கத் தேய்த்துச் சட்டைக்குள் நுழைத்தேன். கதவடியில் வைத்ததும் காற்று முட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அன்று பகல் அக்கா தூங்கினார். நானும் தூங்கினேன்.

மறுவாரம் நாரணாபுரம் போனேன். பட்டறைக் கதவுக்குச் சாக்குத்துணி சுற்றிய ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். காலால் தள்ளிப் பார்த்தேன்.

"என்னலே, வந்ததும் கல்ல உதைக்க?" என்றார் மேஸ்திரி.

கல் அசையவில்லை. கதவைப் பார்த்தபடி உட்கார்ந்து சணலை எடுத்தேன்.