பத்து வருசக் கட்டி

வலது கையில், ரவிக்கைக் கைக்குள்ளே அந்தக் கட்டி எழும்பி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கைமுறுக்கு சுற்றும்போது ரவிக்கை இறுகுவதைப் பார்த்து மருமகள் கண்டுபிடித்துவிட்டாள். காரைக்குடி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

"எம்புட்டு நாளா இருக்கு?" என்றார் ஆபரேஷன் டாக்டர்.

"அது கெடக்கு பத்து வருசமா" என்றேன்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. மிச்சப் படிப்பெல்லாம் டவுன் பஸ்ஸில். வேகமாக வளர்ந்தால் புற்றுநோய், பழைய கட்டி என்றால் பயமில்லை என்று பின் சீட்டில் ஒருத்தி சொல்லிக்கொண்டு வந்தாள். அதைத்தான் டாக்டரிடம் விற்றேன்.

அவர் ஒரு துண்டுச் சதை எடுத்து மதுரை லேப்புக்கு அனுப்பினார். பத்து நாளில் கூப்பிட்டார். முகம் சரியில்லை.

"புத்துநோயா இருக்குமோன்னு சந்தேகம். அப்படின்னா சதையோட அகலமா அள்ளணும். கைக்குப் பழைய வலு இருக்காது. ஆனா லேப் டாக்டரம்மா முடிவா எழுதலை. ஒங்களை நேர்ல பாக்கணுமாம்."

வலு இல்லாத கையால் முறுக்கு சுற்ற முடியுமா? மதுரை பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியை வலது கையால் முறுக்கி முறுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மருமகள் அதற்கே பயந்துபோனாள்.

என் மகள் வயதிருக்கும் அந்த டாக்டரம்மாவுக்கு. கட்டியை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு மைக்ரோஸ்கோப்பில் என்னையே கண் வைக்கச் சொன்னார். ஊதாச் சாயத்தில், கிழிந்த சீலை முந்தி மாதிரி நூல் நூலாகக் கிடந்தது.

"இதான் ஒங்க சதை, பாட்டி. செல்லெல்லாம் ரெண்டு ரெண்டாப் பிரிஞ்சு வேகமாப் பெருகுது. அதை மட்டும் பாத்தா புத்துநோய்னுதான் தோணும். ஆனா கெட்ட செல்லு கோணல்மாணலா இருக்கும். இது அம்புட்டும் ஒரே சீரா இருக்கு. நடுவுல புதுசா ரத்தம் கசிஞ்சிருக்கு. பத்து வருசக் கட்டி இம்புட்டுப் பச்சையா இருக்காதே?"

நான் கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்தேன்.

"நீங்க சொல்ற கதையும் இந்தச் சதையும் ஒத்துப்போகலை. ரெண்டுல ஒன்னு பொய் சொல்லுது. சதைக்குப் பொய் சொல்லத் தெரியாது, பாட்டி."

"அத்தை!" என்றாள் மருமகள்.

"மூணு வாரம்" என்றேன். "அதாவது, காரைக்குடி டாக்டரை மொதல்ல பாக்கையில மூணு வாரம்."

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். புற்றுநோய் மாதிரியே வேஷம் போடும் கட்டி ஒன்று உண்டாம். சில வாரத்தில் விறுவிறுவென்று வளருமாம், பிறகு பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடுமாம். "எளவட்டங்களுக்குத்தான் வரும். ஒங்க வயசுல அபூர்வம். நீங்க வேற பத்து வருசம்னு சொல்லிட்டீங்க. அதான் தடுமாறுனேன்."

எதைச் சொல்லப் பயந்து ஒளித்தேனோ, என் கையைக் காப்பாற்றக்கூடியதே அதுதான்.

"அப்ப அறுக்க வேணாம்னு எழுதிருங்க தாயி."

"ஒங்க வாயை நம்பியா?" என்று சிரித்தார். அதே சதையை இன்னொரு சோதனைக்கு அனுப்பினார். அது எனக்குப் பிடித்திருந்தது. ஒருமுறை கதை மாற்றிய கிழவியை நானாக இருந்தாலும் நம்பமாட்டேன்.

"தெனமும் பிரஷர் மாத்திரை முழுங்குறேன்னு சொல்றீகளே, அதுவாவது நெசமா?" என்று மருமகள் திரும்பும் வழியெல்லாம் குடைந்தாள். நான் தூங்குவதுபோல இருந்தேன்.

வேஷக்கட்டிதான் என்று சோதனையும் சொன்னது. இரண்டு மாதத்தில் கட்டி சுண்டி, தேடினாலும் கிடைக்காமல் போனது. அதே கையால் முறுக்கு சுற்றி எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன்.

"இன்னைக்குக் காலையில சுட்டது" என்று நீட்டினேன்.

டாக்டரம்மா ஒன்றை ஒடித்தார், ஒடிந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஒரு கடி கடித்தார்.

"பாட்டி, எத்தனை நாளு?"

"மூணு" என்றேன்.