யார் வீட்டு ரத்தம்?

இந்தக் கடற்கரையில் கொசுவுக்கு அடுத்தபடியாக ரத்தம் எடுத்துத் திட்டு வாங்கியவன் நான்தான். மனச்சிதைவு நோய்க்குப் பரம்பரை அடையாளம் ஏதாவது ரத்தத்தில் இருக்கிறதா என்று ஓர் ஆராய்ச்சி. இருந்தால், சர்க்கரைக்குப் பார்ப்பதுபோல ஊசி குத்தியே நோயைக் கண்டுபிடித்துவிடலாமாம். நோயாளி, அம்மா, அப்பா மூவரிடமும் ரத்தம் வேண்டும். யோசனை எங்கள் ஆஸ்பத்திரி டாக்டருடையது, திட்டு என்னுடையது. கூப்பிடாத வீட்டுக் கதவைத் தட்டிப் பிழைத்த அன்பர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

எடுக்க வந்த ஜீப்

சுனாமிக்கு அடுத்த வருஷம். ஜீப் வந்தால் பாயோ பாத்திரமோ கிடைக்கும் என்று மரக்காணம் பக்கம் எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. உப்பளத்தை ஒட்டிய தெருவில் நாங்கள் இறங்கியதுமே வரிசை நின்றுவிட்டது. ரத்தம் எடுக்க வந்திருக்கிறோம் என்று நான் சொன்னதுதான் தாமதம், முதலில் நின்ற அம்மா திரும்பி எல்லோருக்கும் அறிவித்தார்:

"ஊரே குடுக்குது, இவனுங்க மட்டும் எடுக்க வந்துட்டானுங்க!"

குரல்

ஆஸ்பத்திரியிலேயே சம்மதம் சொல்லியிருந்த செல்வி மட்டும் எங்களை உள்ளே விட்டாள். உப்பளத்தில் கூடை சுமக்கிறவள். மகன் குமாருக்கு ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கும். மாத்திரையில் ஓரளவு தேறியிருந்தான். செல்வி தலைச் சும்மாட்டைக்கூட இறக்காமல் கையை நீட்டினாள். கணவர் ஏழுமலை கண்ணை இறுக மூடிக்கொண்டு கொடுத்தார்.

குமாருக்கு இரண்டு தடவை குத்தியும் நரம்பு சிக்கவில்லை. அவன் தனக்குள் சிரித்தான். "இப்பவும் குரல் கேக்குதா தம்பி?" என்றேன்.

"கேக்குது சார். 'வேற ஆளக் கூப்புடு'ன்னு சொல்லுது."

ஐஸ் பெட்டி

கிளம்பும்போது செல்வி வாசல்வரை வந்தாள். குமாரின் நோய்க்கு அவள் பிறந்த வீட்டு ரத்தம்தான் காரணம் என்று மாமியார் வருஷக்கணக்காகப் பாடிக்கொண்டிருந்தார். இப்போது செல்வியின் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் குமாரைக் கூட்டிக்கொண்டு செல்வி தன் பிறந்த ஊரான பெருமுக்கல்லுக்கே போய்விட வேண்டுமாம், திரும்பி வரக்கூடாதாம். "யார் வூட்டு ரத்தம்னு இதுல தெரிஞ்சிடும்ல சார்?" என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்துத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நழுவினேன்.

பாதி வழியில் ஜீப் படுத்துவிட்டது. ரத்தம் வைத்த ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறினேன். மீன் என்று நினைத்துக் கண்டக்டர் லக்கேஜ் கேட்டார். ரத்தம் என்றேன். சுற்றிலும் சீட் காலியாகி, மூன்று பேர் அடுத்த ஸ்டாப்பில் இறங்கியே போய்விட்டார்கள். கண்டக்டருக்கு வருத்தம்:

"ஏம்பா, மீனுன்னே சொல்லியிருக்கக் கூடாதா?"

டாக்டர் பதில்

செல்வியின் கேள்வியை டாக்டரிடம் கேட்டேன். அடையாளம் என்று உறுதியாக எதுவும் இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் இது யார் பக்கத்து ரத்தம் என்று ஒருவரைக் கைகாட்ட முடியாது என்றார். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் எதற்கு மூன்று பேரைக் குத்தினோம் என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:

"அதுக்குத்தாம்பா ஆராய்ச்சின்னு பேரு."

பிறந்த வீடு

செல்வியிடம் இதைச் சொல்லத்தான் மறுபடி போனேன். போனதோடு, குடும்ப விவரம் கேட்கிற வேலையும் பாக்கி இருந்தது, முதலில் அதை எடுத்தேன். மாமியார் நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தானே பதில் சொன்னார்.

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சொந்தமாம்மா?"

"சொந்தம்தான். என் கூடப் பொறந்த தம்பி பொண்ணத்தான் என் புள்ளைக்குக் கட்டிவெச்சேன்."

"நீங்க பொறந்த ஊரு?"

"பெருமுக்கல்," என்றவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். ஏழுமலை மோட்டுவளையைப் பார்த்தார். குமாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷம் மாமியார் திட்டியது தான் பிறந்த வீட்டையேதான் என்பதை அந்த வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. செல்வி அழுவாள் என்று நினைத்தேன். அவள் நிதானமாகச் சும்மாட்டை உதறி மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நாளைக்கே கெளம்புறேன் அத்தை. நீங்களும் மூட்டையக் கட்டுங்க, நம்ம ரெண்டு பேருக்கும் பொறந்த வூடு ஒண்ணுதான?"

எங்கள் ஆராய்ச்சி ரத்தத்தில் எதைக் கண்டுபிடித்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது, பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கலர் சோடா உடைத்துக் கொடுத்தது குமார்தான் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.