நங்கூரம் இறக்கிய பக்கம்

அளம்பிலுக்கு அப்பால் கடலோடு ஒட்டிக் கிடந்த அந்தச் சின்னக் கரையூரில், யாக்கோப்பு மூப்பர் இல்லாமல் ஒரு நல்லது கெட்டது நடந்ததில்லை. குருவானவர் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருவார், போவார். மற்ற நாட்களில் பின்னேரம் கோயிலில் செபமாலையை வழிநடத்துவதும், செத்த வீட்டில் முதற் செபத்தைத் தொடங்குவதும், புதுவள்ளம் இறக்கும்போது தீர்த்தம் தெளிப்பதும் மூப்பரின் பொறுப்பு. விடியத் தொழிலுக்குப் போய், பத்துமணி வெயிலுக்கு முன் கரைக்கு வந்து, வலை தட்டி, குளித்து, வெள்ளைச் சேட்டைப் போட்டால் அவர் வேறு ஆளாகிவிடுவார்.

வேதப்புத்தகம் அவருக்குக் கண்ணால் வந்ததைவிடக் காதால் வந்ததே கூடுதல். எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். ஆனால் கேட்டதை விடாத மண்டை. சண்டை முடிந்து சனம் முள்வேலி முகாமுக்குள் இருந்த நாட்களில், தறப்பாள் கொட்டிலுக்குள், கையில் ஒரு தாளும் இல்லாமல் வாசகங்களை முழுதாகச் சொன்னவர். அழுதுகொண்டிருந்த சனம் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டது என்று அவருடைய மனைவி அருளம்மா இப்போதும் சொல்வாள்.

இந்த மனிதரைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனவள் கடைசி மகள் நிறஞ்சனா. முன்பள்ளி ஆசிரியை. யாழ்ப்பாணத்தில் ஒரு தொலைக்காட்சியில் குடும்பத்துக்கு இருவராக விவிலிய வினாடி வினா நடத்துகிறார்கள் என்று அறிந்து, தகப்பனையும் தன்னையும் பதிந்தாள். தகப்பன் அணித்தலைவர், மகள் துணை. அந்த முறை அவர்களை யாராலும் தொட முடியவில்லை. கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் மூப்பர் மணியை அடித்தார். வெற்றி பெற்று ஊருக்கு வந்தபோது பெடியள் வெடி கொளுத்தினார்கள். அன்றிலிருந்து அவர் 'டிவி மூப்பர்' ஆனார். தகப்பனின் பெருமையில் பாதி தனக்கும் உரியது என்று நிறஞ்சனா நினைத்ததில் பிழையில்லை.

மறதி எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. ஊருக்குத் தெரியவந்தது ஒரு திங்கட்கிழமை. செபமாலையின் ஐந்து தேவரகசியங்களில் இயேசு பிறந்ததை அறிவித்துப் பத்து மணியும் உருட்டி முடித்தவர், அடுத்ததுக்குப் போகாமல் அதையே திரும்பவும் அறிவித்தார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பதில் செபம் மட்டும் நிற்கவில்லை.

மறுநாள் கரையில் சவிரிமுத்து பிடித்துக்கொண்டார். மூப்பரோடு முப்பது வருடமாய் ஒரே வள்ளத்தில் போனவர் அவர்.

"என்ன மூப்பர், நேற்று மாதாவுக்கு ரெட்டைப் பிள்ளையாமே?"

"ஆர் சொன்னது?"

"கோயில் முழுக்கச் சொல்லுது. மாட்டுத்தொழுவத்தில இடம் போதாமல் போச்சுதாம்."

மூப்பரும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்து வெகுநேரம் செபமாலையைக் கையில் வைத்து மணிகளைத் தடவிக்கொண்டிருந்தார். அடுத்தடுத்த கிழமைகளில் தேவரகசியங்கள் இடம் மாறின. களப்புத் தண்ணீரில் தான் தறிக்கம்பு நட்டுக் கட்டிய வலையைத் தானே தேடித் திரிந்தார். கோயில் சபைக்காரர் மெதுவாகக் கதைக்கத் தொடங்கினார்கள்: மூப்பருக்கு வயது போய்விட்டது, இளம்பெடியன் டிலக்ஸன் நன்றாகச் செபம் சொல்கிறான், அவனிடம் கொடுத்தால் என்ன?

அந்தக் கதை நிறஞ்சனாவின் காதில் விழுந்த அதே மாதம், தொலைக்காட்சியில் இருந்து அழைப்பு வந்தது. முன்னர் வென்ற அணிகளுக்கு மட்டும் ஒரு சிறப்புப் போட்டி. கடவுளே கையில் கொண்டுவந்து தந்ததுபோல் இருந்தது அவளுக்கு. ஒரு தரம் வென்று காட்டினால் போதும், அப்பாவிடம் இருந்து செபமாலையை வாங்க யாருக்கும் வாய் வராது.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கும் தகப்பனுக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு அவள் கேள்வி கேட்பாள். முன்பெல்லாம் அவர் சொல்வார், அவள் புத்தகத்தில் சரிபார்ப்பாள். இப்போது அவர் வாயைத் திறக்க ஒரு நொடி பிந்தினாலே பதிலை அவளே சொன்னாள். சொல்லிவிட்டுக் கோபித்தாள்.

"அப்பா, நேற்றுத்தானே இதைச் சொல்லித் தந்தனான்!"

"ஓம் பிள்ளை, ஓம். நாக்கில நிக்குது."

"நாக்கில நிண்டு என்ன பிரயோசனம்?"

குசினிக்குள் இருந்து அருளம்மா எட்டிப் பார்த்தாள். "அந்த மனிசனை விடு பிள்ளை. இதென்ன ஓ.எல். சோதினையே? உன்ர முன்பள்ளிப் பிள்ளையளுக்கும் இப்பிடித்தான் கத்துறனியே?"

"நீங்கள் சும்மா இருங்கோ அம்மா. அவரின்ர நல்லதுக்குத்தான்."

முன்பள்ளிப் பிள்ளைகளிடம் அவள் கத்துவதில்லை.

போட்டி நாளன்று புதுக்குடியிருப்பு, விசுவமடு, பரந்தன் என்று பஸ் போன வழியெல்லாம் அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். ஆனையிறவில் உப்புக்காற்று அடித்தபோது அவர் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, "கொஞ்ச நேரம் கடலைப் பார்க்க விடு பிள்ளை" என்றார். அவள் விட்டாள். சரியாகச் சாவகச்சேரி வரைக்கும்.

தொலைக்காட்சி நிலையத்தில் சட்டையில் மைக் குத்த வந்த பெண், "இந்த அணிக்கு ஆர் தலைவர்?" என்று கேட்டாள். அவர் கையை உயர்த்தப் போனார்.

"நான்" என்றாள் நிறஞ்சனா.

அவர் மகளைப் பார்த்தார். கை பாதியில் இறங்கியது. "ஓம் ஓம், பிள்ளைதான்" என்று அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார்.

முதற் சுற்றுகள் மோசமில்லை. தலைவர் சொல்வதே அணியின் பதில் என்பது விதி. அவர் காதோடு சொல்வார், அவள் உரத்துச் சொல்வாள். நடுவில் தனியாள் சுற்று ஒன்று வந்தது. யாக்கோபின் பன்னிரண்டு ஆண்மக்களின் பெயர்களையும் சொல்லவேண்டும். மூப்பர் பத்துப் பெயரைக் கடகடவென்று சொல்லிவிட்டு நின்றார். வாய் அசைந்தது, ஒன்றும் வரவில்லை. நிகழ்ச்சி நடத்தியவர் நல்ல பகிடிக்காரர்.

"என்ன யாக்கோபு ஐயா, பெத்த பிள்ளையளின்ர பேரையே மறந்திட்டியளோ?"

பார்க்க வந்திருந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். மூப்பரும் சிரித்தார். நிறஞ்சனா சிரிக்கவில்லை. இதை ஊர் பார்க்கப் போகிறது என்ற ஒரே நினைப்புத்தான் அவளுக்கு. அந்த இடத்தில்தான் அவள் தகப்பனை நம்புவதை நிறுத்தினாள். பிறகு நினைத்துப் பார்த்தபோது, அதற்கும் முன்பே நிறுத்திவிட்டாள் என்றும் தோன்றியது.

கடைசிக் கேள்விக்கு வந்தபோது இரண்டு அணிகள் சமமாக நின்றன. பவுலடியாரைக் கைதியாகக் கொண்டுபோன கப்பல் புயலில் அகப்பட்டது. பாறையில் மோதிவிடுமோ என்று பயந்து மாலுமிகள் நான்கு நங்கூரங்களை இறக்கினார்கள். கப்பலின் எந்தப் பக்கத்தில் இருந்து?

தகப்பன் உடனே குனிந்து காதுக்குள் சொன்னார். "பின்பக்கம்."

அவள் திடுக்கிட்டுப் போனாள். கடற்கரையில் பிறந்த எவருக்கும் தெரிந்த விசயம் இது. நங்கூரம் அணியத்தில், வள்ளத்தின் முன்மூக்கில்தான் கிடக்கும். அப்படியிருந்தால்தான் வள்ளம் அலைக்கு முகத்தைக் கொடுத்து நிற்கும். பின்னால் கட்டினால் அலை ஏறி வள்ளத்தை நிரப்பிவிடும். சின்ன வயதில் விளையாட்டாக அவள் கயிற்றைப் பின்னால் கட்டியபோது, ஒருநாளும் ஏசாத அப்பா ஏசினார். அதே அப்பா இன்று பின்பக்கம் என்கிறார். முழுதாகக் கலங்கிவிட்டது என்று நினைத்தாள்.

"அப்பா, நல்லா யோசியுங்கோ. ஆரும் பின்னால நங்கூரம் போடுவினமே?"

"போடமாட்டினம் பிள்ளை. ஆனா அவங்கள் போட்டவங்கள். அதாலதானே அதைப் பெரிசா எழுதி வைச்சிருக்கு."

"நேரம்!" என்றார் நடத்துபவர்.

"முன்பக்கம்" என்றாள் நிறஞ்சனா.

பிழை என்று மணி ஒலித்தது. கேள்வி மற்ற அணிக்குப் போனது. அவர்கள் மானிப்பாய் பக்கத்தில் இருந்து வந்த தாயும் மகனும். கடலை எட்டத்தில் நின்று பார்த்தவர்கள். "பின்பக்கம்" என்று வாசித்ததை அப்படியே சொன்னார்கள், வென்றார்கள்.

 திரும்பி வரும் பஸ் பரந்தனைக் கிட்டியபோது அவர் அவளுடைய முழங்கையைத் தட்டினார்.

"பறவாயில்லை பிள்ளை. எனக்கும் வடிவாத் தெரியேல்லைத்தான்."

அவருக்குத் தெரிந்திருந்தது. அவள் மனம் நோகக்கூடாது என்று சொன்னாரா, இல்லை அந்த ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் தன் தலையைத் தானே நம்பாமல் போய்விட்டாரா என்பது அவளுக்கு விளங்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நிகழ்ச்சி ஒளிபரப்பான ஞாயிறு, கோயில் மண்டபத்தில் ஊரே கூடியிருந்து பார்த்தது. பத்துப் பெயரோடு மூப்பர் நின்ற இடத்தில் மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசிக் கேள்வியில், மூப்பர் குனிந்து மகளின் காதுக்குள் என்னவோ சொல்வது திரையில் தெரிந்தது. மேலே போட்டிருந்த இசையில் சத்தம் கேட்கவில்லை. இருவரும் வாயசைத்தார்கள். பிறகு மகள் எழுந்து பிழையான பதிலைச் சொன்னாள்.

"சே, மூப்பர் பிழையாச் சொல்லிக் குடுத்திட்டார்" என்றது ஒரு குரல். "பாவம் பிள்ளை, தகப்பன் சொன்னதை அப்பிடியே சொல்லிச்சுது."

"நிறஞ்சனாவைத் தனிய விட்டிருந்தா வெண்டிருப்பாள்."

தன்னைச் சுற்றி இருந்த முகங்கள் எல்லாம் தனக்காக இரங்குவதை நிறஞ்சனா பார்த்தாள். எழுந்து ஒரு வசனம் சொன்னால் போதும். அவள் எழும்பவில்லை. அருளம்மா கணவனைப் பார்த்து, "இஞ்சேருங்கோ, நீங்களே அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று கேட்டாள்.

"ஓம், நான்தான் பிழைச்சுப்போட்டன்" என்றார் யாக்கோப்பு.

அந்தக் கிழமையே குருவானவர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், இளைஞர். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மழையைப் பற்றி, மீன்பாட்டைப் பற்றிக் கதைத்துவிட்டு, "மூப்பர், எவ்வளவு காலம் உழைச்சிட்டியள். இனிக் கொஞ்சம் ஆறியிருங்கோ. டிலக்ஸன் செபத்தைப் பார்க்கட்டும்" என்றார்.

நிறஞ்சனா தேத்தண்ணீர்த் தட்டோடு வாசலில் நின்றாள். டிவியில் அவர் சரியான பதிலைத்தான் சொன்னார் ஃபாதர், நான்தான் கேட்கவில்லை என்று சொல்ல இதைவிட இன்னொரு நேரம் வராது என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தட்டை மேசையில் வைத்தாள். "சீனி இவ்வளவு காணுமோ ஃபாதர்?" என்று கேட்டாள். திரும்பி உள்ளே போனாள்.

அதன் பிறகு யாக்கோப்பு எதையும் தானாகச் சொல்வதை விட்டுவிட்டார். சவிரிமுத்து வந்து, "நாளைக்குக் காத்து எப்பிடி மூப்பர்?" என்று கேட்டால்கூட, "பிள்ளையைக் கேள்" என்பார்.

"பிள்ளைக்கு என்ன காத்துத் தெரியும்? நாப்பது வருசம் கடலில கிடந்தது ஆர்?"

"அவாவுக்குத்தான் சரியாத் தெரியும்."

கோயிலில் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்து மற்றவர்களோடு பதில் செபம் மட்டும் சொன்னார். பிறகு அதையும் விட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது, இது மூளையில் வருகிற நோய், எப்படியும் இந்த வழியாகத்தான் வந்திருக்கும், யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று வைத்தியர் சொன்னார். அருளம்மாவுக்கு அது ஆறுதலாக இருந்தது. நிறஞ்சனா அதைப் பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். நோய் வந்திருக்கும், சரி. ஆனால் அதுவரைக்கும் கோயிலின் முன்வரிசையில் நின்றிருக்க வேண்டிய மனிதரைக் கடைசி வாங்குக்கு அனுப்பியது நோயல்ல.

அவர் ஆட்களை மறக்கத் தொடங்கியபின் ஒரு பின்னேரம், முகம் துடைத்துவிட்டுக்கொண்டே அவள் சொன்னாள். "அப்பா, அண்டைக்கு நீங்கள் சொன்னதுதான் சரி. பின்பக்கந்தான். நான்தான் மாத்திச் சொன்னனான்."

அவர் மரியாதையோடு அவளைப் பார்த்தார். "எனக்கு இந்த விசயங்கள் தெரியாது தங்கச்சி. என்ர மகள் வருவா, அவாவைக் கேளுங்கோ. அவா பிழை விடமாட்டா."

மாரி தொடங்கிக் களப்பு நிரம்பிய நாட்களில் அவர் இறந்தார். அடக்கம் முடிந்து சனம் முற்றத்தில் பந்தலின் கீழ் இருந்தபோது, சவிரிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த நங்கூரக் கேள்வியோடதான் மனிசன் விழுந்தது" என்றார். "கடல்காரனுக்கு நங்கூரம் பிழைச்சா மனசு தாங்குமே?"

நிறஞ்சனா அவர் முன்னால் போய் நின்றாள். கதைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அப்பா பிழைக்கேல்லை மாமா. அவர் பின்பக்கம் எண்டுதான் சொன்னவர். நான் நம்பேல்லை. முன்பக்கம் எண்டு சொன்னது நான். டிலக்ஸனும் கேளுங்கோ, எல்லாரும் கேளுங்கோ. பிழை என்ர."

 சவிரிமுத்து எழுந்து அவளுடைய தலையில் கையை வைத்தார்.

"விளங்குது பிள்ளை. அப்பன்ர பேர் கெடக்கூடாது எண்டு நீ எல்லாத்தையும் உன்ர தலையில போடுறாய். நாங்களும் டிவியில பார்த்தனாங்கள்தானே."

"இல்லை மாமா, உண்மையாத்தான்..."

"அழாத. மூப்பர் குடுத்து வைச்ச மனிசன்."

"பெத்தா இப்பிடி ஒண்டைப் பெறவேணும்" என்று பக்கத்தில் இருந்த பெண் மூக்கைச் சிந்தினாள். டிலக்ஸன் தலையாட்டினான். யாரோ அவளைப் பிடித்துக் கதிரையில் இருத்தி, கையில் ஒரு கோப்பை தேத்தண்ணீரைத் தந்து, குடி பிள்ளை, காலையில் இருந்து ஒன்றும் குடிக்கவில்லை என்றார்கள்.