பன்னிரண்டு நிமிடச் சாப்பாடு

மிளகாய்க்கு அந்தப் பெயரை வைத்தது யாரென்று யாரும் சொல்லமாட்டார்கள். உயிர் மேல் எல்லோருக்கும் ஆசை இருக்கிறதல்லவா. நாற்பத்தாறு வயது, ஒல்லி உடம்பு. மற்றவர்களுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பார்கள். இவளுக்கு முகம் முழுக்க. நடக்க முடியாதவர்கள், பேச்சு போனவர்கள், மனசு குழம்பியவர்கள் என்று ஒன்பது பேர் தங்கியிருக்கும் பராமரிப்பு இல்லத்தில் அவளுக்கு ஊட்டிவிடுகிற வேலை. இப்படிப்பட்டவள் கையில் கரண்டியைக் கொடுத்த புண்ணியவான் யாரோ. ஆனால் கரண்டியை எடுத்துவிட்டால் அவள் வேறு ஆள்.

அவளுக்கு ரொம்ப நேரம் பிடிக்கிற ஆள் கண்டக்டர். முப்பது வருஷம் பஸ்ஸில் படியில் தொங்கியபடி ஊரையே ஏற்றி இறக்கியவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் போனது, பேச்சு போனது, விழுங்குவதும் பாதி போனது. மிச்சம் இடது கை. அந்தக் கையால் தட்டில் இரண்டு தட்டு தட்டினால் 'போலாம்', ஒரு தட்டு தட்டினால் 'நிறுத்து'.

மிளகாய் அவர் எதிரே தாழ்வான முக்காலியில் உட்காருவாள். சின்னக் கரண்டியில் பாதி அளவு மசித்த சாப்பாடு. அவர் மோவாய் குனிந்திருக்க வேண்டும். வாயில் வைத்தபின் தொண்டை ஒரு முறை ஏறி இறங்கும்வரை காத்திருப்பாள். அது போதாது. மிச்சம் மீதி போக இன்னொரு முறையும் ஏறி இறங்க வேண்டும். பிறகு வலது கன்னத்தில் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பாள். அவர் இரண்டு தட்டு தட்டுவார். அடுத்த கரண்டி. நாற்பது நிமிஷம் ஆகும்.

இந்தப் பொறுமை அவள் கூடப் பிறந்ததில்லை. முன்பு தையல் கம்பெனியில் இருந்தபோது, காலை வண்டியைப் பிடிக்கிற அவசரத்தில் படுக்கையிலிருந்த மாமியாருக்கு அள்ளி அள்ளித் திணித்தாள். கிழவி இருமினாள். "நடிக்காதீங்க அத்தை" என்றாள் இவள். சாப்பாடு நுரையீரலுக்குள் போயிருந்தது. ஒன்பதாம் நாள் கிழவி போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு மிளகாய் எந்த வண்டியையும் ஓடிப்போய்ப் பிடித்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை சுற்றறிக்கை வந்தது. மேனேஜர் அதைச் சாப்பாட்டுக் கூடத்தில் நின்று படித்தார். நல்ல மனுஷர்தான், முதுகெலும்பை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வேலைக்கு வருவார். அடுத்த மாதத்திலிருந்து ஓர் ஆளுக்கு ஒரு வேளை ஊட்ட அரசு தரும் நேரம் பன்னிரண்டு நிமிடம். அதற்கு மேல் ஆகிறவர் 'வாய்வழி உணவுக்குத் தகுதியற்றவர்'. அவருக்கு மூக்கு வழியாகக் குழாய். குழாய் என்றால் ஒரே பணியாளர் நாலு பேரைப் பார்த்துக்கொள்ளலாமாம்.

"எவன் சார் இந்தப் பன்னெண்டைக் கண்டுபிடிச்சவன்?" என்று மிளகாய் எழுந்தாள். "அவன் வீட்ல சாப்பிடறானா, பெட்ரோல் போடறானா?"

"கத்தாதம்மா. அவங்க சும்மா போடல. இங்க பாரு, 'நிலையங்களின் பதிவேடுகளில் கண்ட சராசரியின்படி'ன்னு இருக்கு."

"யாரு பதிவேடு?"

மேனேஜர் திரும்பினார். சுவரில் ஆணியில் தொங்கிய நீள நோட்டைப் பார்த்தார்.

மிளகாய் அதைப் பிடுங்கிப் புரட்டினாள். காலை 12, மதியம் 12, மாலை 12. அத்தனையும் அவளுடைய கோணல் எழுத்து. இரண்டு வருஷத்துக்கு முன் நோட்டுப் போட்டபோது மேனேஜர்தான் சொன்னார்: "பத்து பன்னெண்டுன்னு போட்டுடும்மா, கேள்வி வராது." நாற்பது என்று எழுதினால் சோம்பேறி என்பார்களோ என்று அவளுக்கும் பயம். பன்னிரண்டு என்று எழுதிவிட்டு, மீதி நேரத்தைத் தன் சாப்பாட்டு இடைவேளையில் வெட்டி எடுத்தாள். எல்லா இல்லத்திலும் எல்லா மிளகாய்களும் இதையேதான் எழுதியிருக்க வேண்டும். அத்தனை பொய்யையும் கூட்டி, வகுத்து, சராசரி என்று பெயர் சூட்டி, அவர்கள் தலையிலேயே கட்டியிருந்தார்கள்.

"சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டோமாக்கா?" என்று கேட்டாள் கூட வேலை பார்க்கும் புதுசு. வேலைக்குச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகியும் அவளுக்கு அந்தப் பெயர் பழசாகவில்லை.

"வாயை மூடு. நானே வயிறு எரிஞ்சு நிக்கறேன்."

மேனேஜர் குரலைத் தழைத்துக்கொண்டார். "பயப்படாதம்மா. எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்க மதிப்பீட்டாளர் வருவார். அன்னிக்கு பன்னெண்டு நிமிஷத்துல நிறுத்திடு. அவர் போனதும் மீதியை ஊட்டு. நீ எப்பவும் உன் இடைவேளையில செய்யறதுதானே?"

எப்பவும் செய்யறதுதானே! அந்த வார்த்தை அவளுக்குள் போய் முள்ளாக நின்றது. பாசத்தில் செய்துவிடுவாள் என்று தெரிந்துதான் பன்னிரண்டு போட்டிருக்கிறார்கள். தெரியாமல் போட்டிருந்தால்கூட மன்னிக்கலாம்.

இருந்தாலும் சரியென்றுதான் சொன்னாள். குழாயை நினைத்துப் பயந்தாள். ஒரு நாளைக்கு மூன்று தடவை, வாயில் ருசி பார்ப்பது ஒன்றுதான் கண்டக்டருக்கு மிச்சமிருந்த உலகம்.

மதிப்பீட்டாளர் இஸ்திரி கலையாத சின்ன வயசுப் பையன். டேப்லெட்டில் கடிகாரத்தைத் தட்டிவிட்டுச் சுவரோரமாக நின்றான். மிளகாய் ஊட்டினாள். பன்னிரண்டு நிமிடத்தில் ஒன்பது கரண்டி போயிருந்தது. மேனேஜர் இருமினார். பிறகு இன்னும் பலமாக இருமினார். மேனேஜருக்கே குழாய் போட்டுவிடுவார்கள் போலிருந்தது.

மிளகாய் கரண்டியைக் கீழே வைத்தாள்.

கண்டக்டர் அவளைப் பார்த்தார். தட்டில் இரண்டு தட்டு தட்டினார். அவள் தலை குனிந்துகொண்டாள். காது கேட்கவில்லையோ என்று அவர் பலமாக இரண்டு தட்டினார்.

"எடுக்கறேன் அண்ணா, எடுக்கறேன்" என்று மிளகாய் கரண்டியை எடுத்தாள். மேனேஜர் இருமி இருமி ஓய்ந்தார்.

"முப்பத்தெட்டு நிமிஷம்" என்றான் பையன், தட்டு காலியானதும். "குழாய்க்குப் பரிந்துரைன்னு வருது மேடம்."

"வருதா? எங்கேருந்து தம்பி வருது, வானத்துலேருந்தா?"

"நம்பரைப் போட்டா தானா வருது. ஆனா ரெண்டு வருஷமா பன்னெண்டுன்னு இருக்கே?"

"அது பொய். இதுதான் நிஜம்."

பையன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார்.

"பழைய பதிவு பொய்னா, இந்தப் பரிந்துரையை அனுப்ப முடியாது. மூணு மாசம் புதுசா நேரம் எழுதி, மறுபடி மதிப்பீடு செய்யணும். ஆனா பொய்னு நீங்க எழுத்துல தரணும்." அவன் குரல் இறங்கியது. 'மேடம்' எங்கோ போய்விட்டது. "எழுதினா வேலைக்கே ஆபத்துக்கா. யோசிச்சுக்குங்க."

"யோசிச்சதாலதான் தம்பி ரெண்டு வருஷம் பன்னெண்டு எழுதினேன். பேனா குடு."

எட்டாவது வரைதான் படிப்பு. எழுத்துப்பிழையோடு நாலு வரி எழுதினாள். 'நான் எழுதின பன்னெண்டு எல்லாம் பொய். மீதி நேரம் என் இடைவேளை. அவசரப்படுத்தி ஊட்டினால் ஆள் செத்துப்போகும். என் மாமியார் என் கையால் அப்படித்தான் செத்தாள்.' கையெழுத்துப் போட்டாள். புதுசு அருகில் வந்து, அழுதுகொண்டே, அடியில் தன் பெயரையும் எழுதினாள்.

குழாய் மூன்று மாதம் தள்ளிப்போனது. மிளகாய்க்குப் பதினைந்து நாள் தற்காலிகப் பணிநீக்கம். புதுசையும் சேர்த்து அனுப்பிவிட்டால் இல்லத்தில் ஊட்ட ஆளே இருக்காது என்பதால் அவளுக்கு எச்சரிக்கையோடு போயிற்று.

மூன்றாம் நாள் மதியம் மிளகாய் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது போன் வந்தது.

"அம்மா, நான் மேனேஜர். புதுசு ஒருத்தி எட்டு பேரைப் பாக்கறா. கண்டக்டர் என் பங்கு. இருபது நிமிஷமாச்சு, மூணு கரண்டிதான் போயிருக்கு. வாயைத் திறக்கவே மாட்டேங்கிறார்."

"நின்னுக்கிட்டு ஊட்டறீங்களா?"

"ஆமா."

"உட்காருங்க சார்! நீங்க நின்னா அவர் அண்ணாந்து பாப்பாரு, சோறு தப்பான வழியில போயிடும். முக்காலி எங்க?"

முக்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"இப்ப குடுக்கட்டுமா?"

"தொண்டை ஏறி இறங்குச்சா?"

"இறங்குச்சு."

"இன்னொரு தடவை இறங்கணும். பொறுங்க."

"இப்ப?"

"பொறுங்கன்னு சொன்னேன்ல! ஓட்டுப் போட வரிசையில நிக்கறீங்களா, என்ன அவசரம்?"

அவள் தட்டு ஆறிப்போனது. போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கடைசியில் மேனேஜரின் மூச்சிரைப்புதான் கேட்டது.

"முடிஞ்சுதும்மா. ஐம்பத்தொண்ணு. என் சட்டையெல்லாம் வேர்த்துப்போச்சு."

"அரை மணி நேரம் அவரைப் படுக்க விடாதீங்க. நோட்டை எடுத்தீங்களா?"

"எடுத்திருக்கேன்."

"எவ்வளவு எழுதப் போறீங்க?"

அந்தப் பக்கம் நோட்டில் தாள் புரண்டது.

"மேலேருந்து கேட்டா என்னம்மா சொல்றது?"

"அவங்களையும் ஒரு வேளை வந்து ஊட்டச் சொல்லுங்க. எழுதுங்க சார். எழுதி முடிக்கிற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்."