கோயில் மாலை ஏறிய வண்டி

எங்கள் நகரத்தார் வீட்டுக் கல்யாணத்தில் கோயில் மாலை வந்தால்தான் திருப்பூட்டு. தாலி கட்டுவதைத்தான் அப்படிச் சொல்வோம். அவரவர் கோயிலிலிருந்து மாலை வராவிட்டால் அது கல்யாணமே இல்லை. அறுபதுகளின் கடைசியில் என் தங்கைக்கு நாட்டரசன்கோட்டையில் கல்யாணம். மாலை கொண்டுவர வேண்டிய ஆள் விடிந்து வெகுநேரமாகியும் வந்து சேரவில்லை. கோயிலோ காரைக்குடிப் பக்கம். அப்பச்சி, அதாவது என் அப்பா, வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"வண்டி இருக்கு அப்பச்சி. முகூர்த்தத்துக்குள்ள வந்துருவேன்" என்றேன். என் வாய்க்கு என்றைக்குமே பூட்டு கிடையாது.

வண்டி என்றால் உலக யுத்த காலத்து இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள். பொறி உண்டாக்குகிற பாயிண்ட் பெட்டிக்கு மூடி சரியாக நிற்காது, சணல் கயிற்றால் கட்டியிருப்பேன். ஆனாலும் அன்றைக்குப் போகும்போது ராஜா மாதிரி ஓடியது. கோயிலில் குருக்கள் மாலையைக் கையில் கொடுத்துவிட்டு வண்டியைப் பார்த்தார்.

"சாமி மாலை ஏறப்போற வண்டியாச்சே, சும்மா விடலாமா?" என்று ஒரு செம்பு நிறையச் சந்தனம் கரைத்து வந்து எஞ்சின் மேலேயே ஊற்றினார். சூட்டில் புஸ்ஸென்று ஆவி எழும்பியது. வாசனை ஆளைத் தூக்கியது. நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பாதி வழியில் வண்டி இருமியது. படாரென்று ஒரு வெடி. அவ்வளவுதான், நின்றுவிட்டது.

மாலையை வாழையிலையில் பொதிந்து, துண்டில் கட்டிக் கழுத்திலிருந்து தொங்கவிட்டிருந்தேன். அதைத் தரையில் வைக்கக் கூடாது. சுற்றி வெறும் கருவேலங்காடு. முள்ளில் கொண்டுபோய்ச் சாமி மாலையை மாட்டுவதா? குனிந்தால் பொதி போய் எஞ்சினில் இடிக்கிறது. இடது கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் பெட்ரோல் குழாயைப் பார்த்தேன். பெட்ரோல் வந்தது. பிளக்கைக் கழற்ற ஒரு கை போதவில்லை. ஒரு பஸ்ஸைக் காணோம், ஒரு லாரியைக் காணோம்.

அப்போதுதான் துணி மூட்டையோடு ஒரு பாய் சைக்கிளில் வந்தார். ஊர் ஊராகப் போய்த் துணி விற்கிறவர், முகம் பழக்கம்.

"என்ன தம்பி, இங்குட்டு நிக்கிறீக?"

"தங்கச்சி கல்யாணம் பாய். கோயில் மாலை. வண்டி மக்கர் பண்ணுது."

"யா அல்லா! குடுங்க, நான் வச்சிருக்கேன்" என்று கையை நீட்டியவர், சட்டென்று நிறுத்தினார். "நான் பிடிக்கலாமுல்ல?"

"பிடிங்க பாய். கீழ மட்டும் வச்சுராதீக."

பிறந்த பிள்ளையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் பிளக்கைக் கழற்றித் துடைத்து, எஞ்சினில் சாய்த்து வைத்து உதைத்தேன். பொறி இல்லை. பிளக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு வயர் நுனியையே விரலால் பிடித்துக்கொண்டு உதைத்தேன். ஷாக் அடிக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அடிக்கவில்லை.

கயிற்றை அவிழ்த்துப் பாயிண்ட் பெட்டியைத் திறந்தேன். உள்ளே சந்தனம்! தொட்டுத் தொட்டுப் பிரிய வேண்டிய இரண்டு முனைகளுக்கும் நடுவே அப்பிக் காய்ந்து கல்லாகியிருந்தது. குருக்களை வாய்க்குள் திட்டினேன். மாலை பக்கத்தில் இருக்கிறதே என்று பாதியில் நிறுத்தினேன். தீப்பெட்டி மருந்துப் பட்டையால் தேய்த்தேன். போகவில்லை. சாவி முனையால் சுரண்டினேன். நேரம் ஆகிறதே என்கிற பதற்றத்தில் கொஞ்சம் நெம்பிவிட்டேன். டிக். முனையைப் பிடித்திருந்த பொடி ஸ்பிரிங் ஒடிந்து கையோடு வந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வண்டியை ஓங்கி ஓர் உதை விட்டேன். கால்தான் வலித்தது.

பாய் மாலையை என்னிடம் கொடுத்தார். மூட்டையை என் வண்டி மேலேயே இறக்கிவைத்தார். "பின்னால ஏறுங்க" என்றார். அந்த வயதில், அந்த வெயிலில், எதிர்காற்றில் மிதித்தார். நடுவில் நான் மிதிக்கிறேன் என்றால், "மாலையப் பாருங்க தம்பி" என்றார். பின்னால் உட்கார்ந்து பூ வாடுவதைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேலை இல்லை.

எங்கள் தெருமுனை வந்தபோது முகூர்த்தம் தாண்டி வெகுநேரம். மாப்பிள்ளை வீட்டுக் கார்கள் எதிரே வந்தன. குதித்து முதல் காரை மறித்தேன்.

"மாலை வந்துருச்சு! இறங்குங்க, அடுத்த நல்ல நேரம் பாப்போம்" என்று கத்தினேன்.

மாப்பிள்ளையின் பெரியப்பா கண்ணாடியை இறக்கினார். "கோயில் மாலைக்கே தடங்கல் வந்துருச்சு. சாமிக்கு இஷ்டமில்லாததை நாம செய்யக் கூடாது தம்பி. பொண்ணுக்கு வேற எடம் பாருங்க." பக்கத்தில் மாப்பிள்ளை தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். கார் என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

மாலையை அப்பச்சி வாங்கிப் பூஜை அறையான சாமி வீட்டில் வைத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்கட்டில் தங்கை கல்யாணப் புடவையோடு உட்கார்ந்திருந்தாள். அவள்தான் கேட்டாள்.

"வண்டிக்கு என்னண்ணே ஆச்சு?"

வேறென்ன சொல்வது என்று தெரியாமல் பெட்ரோலிலிருந்து ஆரம்பித்து, பிளக், வயர், சந்தனம், ஸ்பிரிங் என்று ஒன்று விடாமல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அடுத்த தடவை பஸ்ஸுல போயிருங்கண்ணே" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை.